வித்தியாசத் தொகை 61 யூரோ

இருக்கை நன்றாகத்தான் இருந்தது. முழுப் படுக்கையாக விரிகிறது, போர்வை கனமாக இருக்கிறது, வெந்நீர் கேட்டால் முகம் சுளிக்காமல் கொண்டுவந்து தருகிறார்கள். வளைகுடா நாட்டு விமான நிறுவனங்களில் ஒன்று, பெயர் வேண்டாம். பிசினஸ் கிளாஸில் உட்கார்ந்தவர்களுக்கு இவர்கள் ஒரு குறையும் வைப்பதில்லை. என் பிரச்சினை, பாரிஸிலிருந்து சென்னைக்கு பிசினஸ் கிளாஸுக்குக் காசு கொடுத்த நான், பாதி தூரத்துக்கு மேல் அதில் உட்காரவே இல்லை என்பதுதான். விமானத்தை ரத்து செய்தார்கள். மறுநாள் விமானத்தில் அம்மாவுக்கு முன்பக்கம் பிசினஸில் ஓர் இடம், எனக்குப் பின்பக்கம் எகானமியில் ஓர் இடம் கொடுத்தார்கள். அப்புறம், அதற்கு ஈடாக 61 யூரோ தருகிறோம் என்று எழுதினார்கள். ஆகவே இருக்கை, சாப்பாடு எல்லாவற்றையும் சீக்கிரம் முடித்துவிட்டு அந்த 61 யூரோவுக்கு வருகிறேன்.

நாங்கள் புதுச்சேரிக்காரர்கள். அப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அவர் போன பிறகு அம்மா என்னோடு பாரிஸ் புறநகரில் இருக்கிறார். வருஷம் ஒரு தடவை ஊருக்குப் போகாவிட்டால் அம்மாவுக்குச் சரிப்படாது. இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய்விட்டதால் எகானமியில் காலை மடக்கி உட்கார வைப்பது பாவம். இந்த முறை பெரியம்மா பேத்தியின் கல்யாணம் வேறு. சரி, ஒரு தடவை செலவு செய்வோம் என்று ஆளுக்கு 2,900 யூரோ கொடுத்து, போக வர பிசினஸ் கிளாஸ் எடுத்தேன். நடுவில் வளைகுடாவில் ஒரு மாற்றம்.

டிக்கெட் போட்டது லா ஷப்பேலில் ஒரு டிராவல்ஸில். பாரிஸில் இருக்கிற தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் மல்லிகைப் பூவும் முருங்கைக்காயும் கிடைக்கிற தெருக்கள் அவை. கடை வைத்திருப்பவர் யாழ்ப்பாணத்துக்காரர், பல வருஷப் பழக்கம். பயணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது அவரிடமிருந்து போன்.

"அக்கா, உங்கட ஃபிளைட்டை கான்சல் பண்ணிட்டாங்கள். மெயில் எப்பவோ வந்து கிடந்திருக்கு, நான் பார்க்கேல்லை. கோவிக்காதேங்கோ."

கோபப்படாமல் என்ன செய்வது? நிறுவனம் அந்த நாளின் விமானத்தை அட்டவணையிலிருந்தே எடுத்துவிட்டு, பயணத்துக்கு 19 நாளுக்கு முன்பே டிராவல்ஸுக்கு மெயில் போட்டிருக்கிறது. என் போன் நம்பரும் மெயிலும் அவர்களிடம் இல்லை. டிக்கெட்டில் தொடர்பு விவரமாக இருந்தது கடையின் மெயில். இந்தச் சின்ன விஷயம் பின்னால் பெரிதாகப் போகிறது, நினைவில் வையுங்கள்.

நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு நானே போன் செய்தேன். முழுப் பணத்தையும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், இல்லையென்றால் மறுநாள் விமானம் என்றார்கள். கல்யாணத்துக்கு மூன்று நாளில் புது டிக்கெட் எடுப்பதென்றால் விலை எங்கோ போயிருக்கும், அதனால் மறுநாள். ஆனால் பாரிஸிலிருந்து வளைகுடா வரைக்கும் பிசினஸில் ஓர் இடம்தான் இருக்கிறது, அங்கிருந்து சென்னைக்கு இரண்டு இடமும் உண்டு என்றார்கள். வேறு நிறுவனத்தின் விமானத்தில் போடுங்கள் என்று கேட்டேன். "எங்கள் விமானங்களில் மட்டும்தான் மாற்ற முடியும், மேடம்." இதை அந்தப் பெண் மூன்று விதமாகச் சொன்னார், மூன்று தடவையும் அதே குரலில்.

ருவாஸி விமான நிலையத்தில் இன்னொரு கூத்து. டிக்கெட்டை மாற்றும்போது முதல் டிக்கெட்டோடு சேர்த்துக் கேட்டிருந்த சக்கர நாற்காலியும் சைவச் சாப்பாடும் புது டிக்கெட்டுக்கு வரவில்லை. இது பலருக்கும் நடப்பதுதான், ஆகவே டிக்கெட் மாறினால் இரண்டையும் திரும்பக் கேளுங்கள். ஐரோப்பிய விதிப்படி சக்கர நாற்காலி உதவியை 48 மணி நேரத்துக்கு முன் சொல்லிவைக்க வேண்டும். சொல்லாவிட்டாலும் முடிந்தவரை ஏற்பாடு செய்ய வேண்டும். செய்தார்கள், ஆனால் அம்மா செக்‑இன் கவுண்டர் பக்கத்தில் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து நெடுநேரம் காத்திருந்தார்.

கவுண்டரில் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து கேட்டார்கள். வகுப்பு மாற்றத்தை நான் விருப்பத்தோடு ஏற்றுக்கொள்கிறேன் என்று பிரெஞ்சில் அழகாக எழுதியிருந்தது. நான் போடவில்லை. அவர் இரண்டாம் தடவை கேட்கவும் இல்லை, தாளை மடித்து உள்ளே வைத்துவிட்டு போர்டிங் பாஸைக் கொடுத்தார். கையெழுத்து இல்லாமலே விமானம் ஏறலாம் என்பதுதான் அதிலிருந்து நான் தெரிந்துகொண்டது. யாராவது இப்படி ஒரு தாளை நீட்டினால், முழுக்கப் படிக்காமல் பேனாவைத் திறக்காதீர்கள்.

விமானத்துக்குள் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "நீ பின்னால உக்காந்துட்டு நான் மட்டும் எதுக்கு முன்னால? ரெண்டு பேரும் பின்னாலயே போவோம்" என்று எழுந்து நிற்கிறார். பணிப்பெண் பொறுமையானவர். அம்மாவுக்குத் தெரிந்த கொஞ்சம் பிரெஞ்சில் பேசி, கையைப் பிடித்து உட்கார வைத்தார். சைவச் சாப்பாடு இல்லாததால் ரொட்டி, பழம், பாலாடைக்கட்டி என்று சேர்த்து ஒரு தட்டு தயார் செய்து கொடுத்திருக்கிறார்கள். நடு வானத்தில் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு அம்மா வருகிறார், கையில் துணி நாப்கினில் சுற்றிய இரண்டு ரொட்டியும் ஒரு சாக்லேட்டும். நான் நடு இருக்கையில், இரண்டு பக்கமும் தூங்குகிறவர்களுக்கு இடையில். பொட்டலத்தை அவர்கள் தலைக்கு மேலாக நீட்டிவிட்டுத் திரும்பிப் போனார். பணியாளர்களுக்கு என்னிடம் முழு மதிப்பெண். எகானமி இருக்கையும் மோசமில்லை, நான் அதற்குக் காசு கட்டவில்லை என்பதைத் தவிர.

வளைகுடாவிலிருந்து சென்னைக்கு இருவரும் பக்கத்தில் பக்கத்தில். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, படுத்துத் தூங்கினோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி போய்ச் சேர்ந்தபோது நலங்கு முடிந்திருந்தது. தாலி கட்டுவதைப் பார்த்தோம், அதுவரைக்கும் சந்தோஷம்.

இப்போது பணக் கணக்கு.

பாரிஸ் திரும்பியதும் நிறுவனத்தின் இணையப் படிவத்தில் புகார் எழுதினேன். பதில் மரியாதையாகத்தான் இருந்தது. தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம், தாங்கள் செலுத்திய கட்டணத்துக்கும் தாங்கள் பயணம் செய்த வகுப்பின் கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசமான 61 யூரோவைத் தருகிறோம், கூடவே நல்லெண்ண அடையாளமாக விசுவாசப் புள்ளிகள் கொஞ்சம்.

பிசினஸுக்கும் எகானமிக்கும் 61 யூரோதான் வித்தியாசமா? அவர்கள் கணக்கில் ஆமாம். எப்படி என்று கேட்டு எழுதியபோது விளக்கினார்கள். நான் மாதங்களுக்கு முன் எடுத்த பிசினஸ் டிக்கெட்டின் அந்தப் பகுதியை, பயணத்தன்று விற்ற எகானமி டிக்கெட்டின் முழுக் கட்டணத்தோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். கடைசி நேர எகானமி விலை எவ்வளவு ஏறும் என்று உங்களுக்கே தெரியும். இந்தக் கணக்குப்படி பார்த்தால் சில நாள் நான்தான் அவர்களுக்குப் பாக்கி வைத்திருப்பேன். இந்த ஒரு தந்திரம் மட்டும் தெரிந்திருந்தால் போதும், பாதிப் பேர் ஏமாற மாட்டார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 ஒழுங்குவிதி 2005 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. விமானம் தாமதமானால் 600 யூரோ என்று எல்லோரும் பேசுவது இதைத்தான். அதன் 10ஆம் பிரிவை யாரும் பேசுவதில்லை. வாங்கிய வகுப்புக்குக் கீழே உட்கார வைத்தால், கட்டண வித்தியாசம் என்ற பேச்சே அந்தப் பிரிவில் கிடையாது. டிக்கெட் விலையில் சதவீதம்தான்: 1,500 கிலோமீட்டர் வரை 30, அதற்கு மேல் 3,500 வரை 50, அதையும் தாண்டினால் 75. ஒன்றியத்துக்குள்ளேயே பறக்கிறவர்களுக்கு, 1,500ஐத் தாண்டினால் 50தான். ஏழு நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. அந்த ஏழு நாளை மதித்த நிறுவனத்தை யாராவது பார்த்திருந்தால் எனக்கும் காட்டுங்கள்.

பாரிஸிலிருந்து வளைகுடா 3,500க்கு மேல், ஆகவே எனக்கு 75 சதவீதம். ஆனால் எதில் 75? முழு 2,900 யூரோவில் அல்ல. இங்கே நிறுவனம் பக்கமும் நியாயம் இருக்கிறது. 2016இல் ஐரோப்பிய நீதிமன்றம் இதைத் தீர்த்துவைத்தது. மென்னென்ஸ் என்ற பயணி டியூசல்டார்ஃபிலிருந்து துபாய் வழியாக டோக்கியோ போக எமிரேட்ஸில் முதல் வகுப்பு எடுத்திருந்தார். துபாய் வரைக்கும் அவரை பிசினஸில் உட்கார வைத்தார்கள். மொத்த டிக்கெட் விலையில் 75 சதவீதம் கேட்டார். நீதிமன்றம், வகுப்பு குறைந்த அந்த ஒரு விமானத்தின் விலையில்தான் என்றது. டிக்கெட்டில் அந்த விலை தனியாக இல்லாவிட்டால், மொத்த தூரத்தில் அந்த விமானத்தின் பங்கு எவ்வளவோ, கட்டணத்தில் அந்தப் பங்கை எடுக்க வேண்டும். வகுப்புக்கு வகுப்பு மாறாத வரிகளையும் கட்டணங்களையும் கழித்துவிட வேண்டும்.

என் கணக்கு இப்படி. வரிகள் போக அடிப்படைக் கட்டணம் 2,400, போகும் வழிக்கு அதில் பாதி 1,200. பாரிஸ்–வளைகுடா தூரம் மொத்தத்தில் ஏறக்குறைய 60 சதவீதம், அதாவது 720 யூரோ. அதில் 75 சதவீதம் 540. நிறுவனம் தருகிறேன் என்றது 61.

வரியில் ஒரு சின்னப் பாடம் உண்டு. பிரான்சில் விமான டிக்கெட்டுக்கு ஒரு ஒற்றுமை வரி வாங்குகிறார்கள். 2025 மார்ச்சில் அதைப் பல மடங்கு ஏற்றினார்கள். 5,500 கிலோமீட்டரைத் தாண்டுகிற பயணத்துக்கு எகானமியில் 40 யூரோ, பிசினஸில் 120. வகுப்பைப் பொறுத்து மாறுகிற வரி இது. அப்படியானால் 2016 தீர்ப்பின்படி கழிக்கக் கூடாத வரி. அதையும் சேர்த்துக் கேட்டேன். அதற்கு மட்டும் கடைசி வரைக்கும் பதில் வரவில்லை, நானும் விட்டுவிட்டேன். உங்களுக்குப் பொறுமை இருந்தால் விடாதீர்கள்.

10ஆம் பிரிவில் எனக்குப் பிடித்தது, அதில் சாக்குக்கு இடமில்லை. ரத்துக்கான நஷ்ட ஈட்டில் "அசாதாரணச் சூழ்நிலை" என்று ஒரு கதவு இருக்கிறது. புயல், பறவை மோதல், வான்வெளி மூடல் என்று நிறுவனம் அதன் வழியாக வெளியேறலாம். வகுப்புக் குறைப்புக்கு அந்தக் கதவு கிடையாது. புயலடித்தாலும் பிசினஸ் காசு வாங்கி எகானமியில் உட்கார வைத்தால் திருப்பித் தர வேண்டும். "மாற்று டிக்கெட்டை நீங்களே ஒத்துக்கொண்டீர்களே" என்று எனக்கும் எழுதினார்கள். மாற்று விமானத்தில் வகுப்பு குறைந்தாலும் 10ஆம் பிரிவு பொருந்தும் என்று ஐரோப்பிய ஆணையத்தின் வழிகாட்டிக் குறிப்பே சொல்கிறது. அந்த வரியை அப்படியே வெட்டி ஒட்டி அனுப்பினேன்.

அடுத்தது ரத்துக்கான நஷ்ட ஈடு. வகுப்புக் குறைப்புப் பணம் வேறு, இது வேறு. இரண்டில் ஒன்றைத் தந்துவிட்டு மற்றதும் அதில் அடங்கிவிட்டது என்பார்கள், அடங்காது. விமானம் ரத்தானதைப் பதினான்கு நாளுக்கு முன் சொல்லாவிட்டால், தூரத்தைப் பொறுத்து ஆளுக்கு 250, 400 அல்லது 600 யூரோ. மாற்று விமானம் ஏறக்குறைய அதே நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தால் குறையலாம், கிடைக்காமலும் போகலாம். நாங்கள் சேர்ந்தது மறுநாள். ஆகவே எனக்கு 600, அம்மாவுக்கு 600. அம்மாவை யாரும் கீழ் வகுப்புக்கு இறக்கவில்லை என்றாலும் அவருடைய 600 அவருக்கு உண்டு.

வளைகுடா நிறுவனத்துக்கு ஐரோப்பிய விதி எப்படிப் பொருந்தும் என்று என் தம்பியே கேட்டான். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பினால் எந்த நாட்டு நிறுவனமானாலும் பொருந்தும். வெளியிலிருந்து ஒன்றியத்துக்குள் வரும்போது ஐரோப்பிய நிறுவனத்துக்கு மட்டும்தான். அதாவது இதே கூத்து சென்னையிலிருந்து திரும்பும்போது நடந்திருந்தால் எனக்கு இந்த 600 கிடையாது. நடுவில் விமானம் மாறினாலும், ஒரே பதிவில் எடுத்த டிக்கெட் என்றால் அது ஒரே பயணம்தான். லண்டனில் இருப்பவர்களுக்கு, பிரிட்டன் ஒன்றியத்தை விட்டுப் போனபோது இந்தச் சட்டத்தைத் தன்னுடையதாக வைத்துக்கொண்டது: 220, 350, 520 பவுண்ட். வகுப்புக் குறைப்புக்குச் சதவீதங்கள் அதேதான்.

நிறுவனம் இங்கே ஒரு நல்ல சீட்டை இறக்கியது. "நாங்கள் 19 நாளுக்கு முன்பே தங்கள் முகவருக்குத் தெரிவித்துவிட்டோம். ஆகவே நஷ்ட ஈடு பொருந்தாது." இதைப் படித்தபோது எனக்கே கொஞ்சம் தளர்ந்துவிட்டது. உண்மைதானே, மெயில் போய்த்தான் இருக்கிறது. டிராவல்ஸ்காரரும், "அக்கா, அப்ப என்னட்டதான் கேக்கோணுமோ?" என்று பயந்துவிட்டார்.

அவரிடம் கேட்க வேண்டியதில்லை. 2017 மே மாதம் வந்த தீர்ப்பு ஒன்று இருக்கிறது. கிரைக்ஸ்மன் என்ற பயணி ஆம்ஸ்டர்டாமிலிருந்து சுரினாமின் பாரமரிபோவுக்கு இணைய முகவர் மூலம் டிக்கெட் எடுத்திருந்தார். நிறுவனம் ஒரு மாதத்துக்கு முன்பே முகவரிடம் சொல்லிவிட்டது. முகவர் பயணியிடம் சொன்னது பத்து நாளுக்கு முன்புதான். நீதிமன்றம், பதினான்கு நாளுக்கு முன் பயணிக்குத் தகவல் போனதை நிரூபிக்கும் பொறுப்பு விமான நிறுவனத்துடையது, முகவரிடம் சொன்னது பயணியிடம் சொன்னதாகாது, 600 யூரோ கொடு என்றது. கொடுத்த பிறகு அதை முகவரிடம் வசூலிப்பதா வேண்டாமா என்பது நிறுவனத்தின் பாடு. எங்கள் கதையை எழுதிவைத்த மாதிரி இருந்தது. பதில் கடிதத்தில் தீர்ப்பின் எண்ணை, சி‑302/16, கொட்டை எழுத்தில் போட்டேன்.

அதற்கு அப்புறம் அவர்கள் பேச்சு மாறியது. இப்போது "இயக்கக் காரணங்கள்" என்றார்கள். என்ன காரணம் என்று சொல்லவில்லை. சொல்லாத காரணம் அசாதாரணமா என்று எப்படிப் பார்ப்பது? இந்த அசாதாரணம் எவ்வளவு குறுகலானது என்பது தெரிந்தால் பலர் அந்த வார்த்தைக்குப் பயப்பட மாட்டார்கள். 2008இலேயே, சாதாரணத் தொழில்நுட்பக் கோளாறு அசாதாரணம் அல்ல, விமானத்தைப் பராமரிப்பது நிறுவனத்தின் அன்றாட வேலை என்று தீர்ப்பு வந்துவிட்டது. வியன்னாவிலிருந்து ரோம் போக வேண்டிய அலிட்டாலியா விமானத்தின் எஞ்சின் கோளாறு வழக்கு அது. 2021இல், நிறுவனத்தின் சொந்த விமானிகள் செய்கிற வேலைநிறுத்தமும் அசாதாரணம் அல்ல என்றார்கள். 2023இல் வந்ததுதான் மனதைப் பிசைந்த வழக்கு. ஸ்டுட்கார்ட்டிலிருந்து லிஸ்பன் போக வேண்டிய, போர்ச்சுகலின் டாப் (TAP) நிறுவன விமானத்தின் துணை விமானி, அன்று விடிகாலை ஓட்டல் படுக்கையில் இறந்து கிடந்தார். உடன் வேலை செய்தவர்கள் அதிர்ந்து, பறக்க முடியாது என்றுவிட்டார்கள். விமானம் ரத்தானது. அதையும் நீதிமன்றம் அசாதாரணச் சூழ்நிலையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊழியருக்கு எதிர்பாராமல் ஏதாவது நேர்வது எந்த நிறுவனத்திலும் உள்ளதுதான், மாற்று ஆளுக்குத் திட்டமிட வேண்டியது நிறுவனம் என்றது. இந்தத் தீர்ப்பு கொஞ்சம் கல்நெஞ்சாக எனக்குப் படுகிறது. ஆனால் ஒருவர் இறந்ததே சாக்காகாது என்றால், காரணம் சொல்லாத "இயக்கக் காரணங்கள்" எந்த மூலைக்கு?

அப்புறம் மௌனம். பிரான்சில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. சுற்றுலா, பயண மத்தியஸ்தர் என்று ஒரு அமைப்பு. நிறுவனத்துக்குப் புகார் எழுதி 60 நாள் பொறுத்திருந்து, பதில் இல்லை அல்லது திருப்தி இல்லை என்றால் அங்கே எழுதலாம். பயணிக்குச் செலவில்லை. நிறுவனம் அந்தத் திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும், இவர்கள் சேர்ந்திருந்தார்கள். பதிவு உறுதி, இரண்டு போர்டிங் பாஸ், டிராவல்ஸுக்கு வந்த மெயில், அதை அவர் எனக்கு அனுப்பிய தேதி, என் கணக்கு எல்லாவற்றையும் ஏற்றினேன். அம்மாவுக்கும் சேர்த்து நானே கேட்பதால் அவர் கையெழுத்திட்ட ஒரு தாளும் தேவைப்பட்டது. போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீர்கள். வகுப்பு குறைந்ததற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. எகானமி வரிசை எண் அதில் அச்சாகியிருக்கிறது.

இடையில் நிறுவனம் ஒரு தடவை 1,500 யூரோ வவுச்சர் தருகிறேன் என்றது. விதியில் இதுவும் இருக்கிறது: நஷ்ட ஈட்டைப் பணமாக, வங்கி மூலமாக அல்லது காசோலையாகத் தர வேண்டும், வவுச்சர் என்றால் பயணி எழுத்தில் சம்மதிக்க வேண்டும். அதே நிறுவனத்தில் இன்னொரு டிக்கெட் எடுக்க அப்போது எனக்குக் கொஞ்சமும் ஆசை இல்லை. மறுத்துவிட்டேன்.

மத்தியஸ்தரின் கருத்து வந்தபோது மொத்தமும் என் பக்கம் இருந்தது, அந்த ஒற்றுமை வரியைத் தவிர. 600, 600, 540. நிறுவனம் ஏற்றுக்கொண்டு வங்கியில் போட்டது. அம்மாவிடம் அவர் பங்கைச் சொன்னபோது நம்பவில்லை. "ஒரு நாள் லேட்டானதுக்கு இவ்வளவா? டிக்கெட் பணத்தையே திருப்பித் தராங்களா என்ன?" அதில் பாதியை மொய்யாக அனுப்பச் சொன்னார், ஏற்கெனவே வைத்த மொய் போதாது என்று அவருக்கு முதலிலிருந்தே ஒரு குறை.

இதையெல்லாம் செய்து தருகிறோம் என்று இணையத்தில் நிறுவனங்கள் இருக்கின்றன. வென்றால் கணிசமான பங்கை எடுத்துக்கொள்வார்கள். நேரமில்லாதவர்கள் அவர்களிடம் போகலாம், தப்பில்லை. ஆனால் வகுப்புக் குறைப்புப் பணத்தையும் கேட்பார்களா என்று முதலிலேயே விசாரியுங்கள். 600ஐ மட்டும் வாங்கிக்கொண்டு கோப்பை மூடினால் உங்களுக்குத்தான் நஷ்டம். அவசரமும் வேண்டாம், பிரான்சில் இப்படிக் கேட்க ஐந்து வருஷம் வரை உண்டு. எதிர்காலத்தைப் பற்றிச் சொன்னால், 2025 ஜூனில் ஒன்றியத்தின் போக்குவரத்து அமைச்சர்கள் கூடி, தாமத நஷ்ட ஈட்டை மூன்று மணி நேரத்துக்குப் பதிலாக நான்கு அல்லது ஆறு மணி நேரத்துக்கு மேல்தான் தரலாம் என்ற யோசனைக்கு ஒத்துக்கொண்டார்கள். விமான நிறுவனங்கள் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது அது.

இந்தியாவிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி ரத்துக்கு வேறு மாதிரி கணக்குப் போடுகிறது. உள்நாட்டில், பறக்கும் நேரம் ஒரு மணி வரை என்றால் 5,000 ரூபாய், இரண்டு மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000. அல்லது ஒரு வழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்தது, எது குறைவோ அது. "எது குறைவோ" என்பதில்தான் அடிபடும். ஆனால் வகுப்புக் குறைப்பில் இந்திய விதி ஐரோப்பாவைவிடத் தாராளம் என்பேன். 2023 பிப்ரவரி 15 முதல், உள்நாட்டு விமானத்தில் கீழ் வகுப்பில் உட்கார வைத்தால் வரியும் சேர்த்து டிக்கெட் விலையில் 75 சதவீதம். வெளிநாட்டுப் பயணத்துக்கு ஐரோப்பா போலவே 30, 50, 75, அதுவும் வரி உட்பட. என் ஒற்றுமை வரிச் சண்டை அங்கே தேவைப்பட்டிருக்காது. நிறுவனம் காது கொடுக்காவிட்டால் ஏர்சேவா தளத்தில் புகார் செய்யலாம், அப்புறம் நுகர்வோர் ஆணையம்.

அந்த இந்திய விதியில் ஒரு வரி டிராவல்ஸில் டிக்கெட் எடுக்கிற எல்லோருக்கும் முக்கியம்: டிக்கெட் எடுக்கும்போது போதுமான தொடர்பு விவரம் தராத பயணிக்கு ரத்து நஷ்ட ஈடு கிடையாது. நம் ஊர்க் கடைகளில் தங்கள் மெயிலையும் போன் நம்பரையும் போட்டுவிடுவது சகஜம். சிலருக்கு வாடிக்கையாளர் கைவிட்டுப் போய்விடுவார் என்ற பயம், பலருக்கு வெறும் பழக்கம். என் விஷயத்தில் ஐரோப்பிய நீதிமன்றம் காப்பாற்றியது. சென்னை–மதுரை விமானத்தில் யாரும் காப்பாற்ற மாட்டார்கள்.

மதிப்பெண்ணுக்கு வருகிறேன். விமானத்துக்குள் ஐந்துக்கு நாலரை. தரையில் இரண்டு. புகார்ப் பிரிவுக்கு ஒன்று, அதுவும் அவர்கள் பிரெஞ்சு பிழையில்லாமல் இருந்ததற்கு. மறுபடி போவேனா என்றால், அம்மாவுக்கு அந்தப் படுக்கை பிடித்துவிட்டது, முழங்காலும் வலிக்கவில்லை. விலை சரியாக இருந்தால் போவேன். அடுத்த டிக்கெட்டையும் லா ஷப்பேலில்தான் போட்டேன். இந்தத் தடவை அவர் கணினித் திரையை என் பக்கம் திருப்பி வைத்து, "பாருங்கோ அக்கா, உங்கட மெயில், உங்கட நம்பர்" என்று காட்டிவிட்டுத்தான் அச்சடித்தார்.